‘அது புதுசா கட்டினதுதானே?’ – மான்டே கசினோ மடத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஏ1 நெடுஞ்சாலையில் போனால், பாதி வழி தாண்டியதும் இடப்பக்கக் குன்றின் உச்சியில் வெளேரென்று ஒரு நீளக் கட்டடம் தெரியும். கோட்டை மாதிரி இருக்கும், அரண்மனை மாதிரியும் இருக்கும். அதுதான் மான்டே கசினோ. மேற்கத்திய கிறிஸ்தவத் துறவு வாழ்க்கைக்கு இலக்கணம் வகுத்த புனித பெனடிக்ட், நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் வாயில் ஆசீர்வாதப்பர், 529 வாக்கில் நிறுவிய மடம். இத்தாலிப் பயணம் போய் வந்தவர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “அதுவா, குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிட்டாங்களே. இப்ப நிக்கிறது புதுசா கட்டினதுதானே? அதைப் போய் என்னத்தப் பாக்குறது?”

இந்தப் பதில் பொய் இல்லை, அதனால்தான் உறுத்துகிறது. 1944 பிப்ரவரி 15-க்குப் பிறகு மலைமேல் மிஞ்சியது வெளிச்சுவரின் அடிப்பாகமும் கொஞ்சம் நிலவறைகளும்தான். இன்று கண்ணில் படும் பளிங்கில் பெரும்பகுதி போருக்குப் பின் இழைத்தது. 1964-ல்தான் ஆலயத்தை மறுபடி அர்ச்சித்தார்கள், அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தினார்கள். ஆனால் இதே அளவுகோலை வைத்தால் மான்டே கசினோ எந்தக் காலத்திலும் பழசாக இருந்ததில்லை. குண்டில் இடிந்ததே பெரும்பாலும் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் கட்டியதுதான். அதற்கு முன்னால் நின்றதை 1349 நிலநடுக்கம் சாய்த்தது. அதற்கும் முன்னால் 883-ல் சாரசேனியர் எனப்பட்ட முஸ்லிம் படையினர் எரித்தார்கள், அதற்கும் முன்னால் ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லொம்பார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தார். நான்கு அழிவுகள், நான்கு எழுச்சிகள். வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்பதுதான் மடத்தின் முத்திரை வாசகமே. சுவரைத் தடவிப் பார்த்து வயது கணிக்கும் இடம் இது இல்லை. இங்கே பழசு வேறெங்கோ இருக்கிறது. எங்கே என்று தெரிந்துகொண்டு போனால் ஒரு முழு நாள் போதாது.

கதவு என்னும் நிலப்பதிவேடு

தமிழ்க் கத்தோலிக்க ஊடகங்கள் இப்படிப்பட்ட மடங்களை ‘ஆதீனம்’ என்று எழுதுகின்றன. பொருத்தமான சொல். தலைமைத் துறவி, அவருக்குக் கீழே அடியார்கள், சுற்று வட்டாரத்தில் பரந்த நிலபுலன், குத்தகை, வழக்கு, அறை நிறைய ஏடுகள் என்று திருவாவடுதுறையையும் தருமபுரத்தையும் அறிந்தவர்களுக்கு மான்டே கசினோவின் இடைக்காலம் புரிய அகராதி தேவையில்லை.

883-ல் மடம் எரிந்தது, மடாதிபதி பெர்தாரியுஸ் கொல்லப்பட்டார். தப்பிய துறவிகள் தேயானோ, பிறகு காப்புவா என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் வெளியூரில் கிடந்தார்கள். பத்தாம் நூற்றாண்டின் நடுவில் மலைக்குத் திரும்பியபோது அவர்கள் நிலங்களில் வேறு யார் யாரோ உழுதுகொண்டிருந்தார்கள். விளைவு, வழக்கு. 960-ல் காப்புவாவில் நடந்த விசாரணையில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக வந்து, இன்ன எல்லைக்குட்பட்ட இந்த நிலங்களை முப்பது ஆண்டுகளாகப் பெனடிக்டின் தரப்பே அனுபவித்து வந்தது எனக்குத் தெரியும் என்று சத்தியம் செய்தார்கள். நம் வக்கீல்கள் ‘அனுபவ பாத்தியம்’ என்பார்களே, அதேதான். பத்திரம் முழுக்க லத்தீன். சாட்சியின் வாக்கை மட்டும் அவர் வாயில் வந்த பேச்சுமொழியிலேயே எழுத்தர் பதிந்துவிட்டார். இத்தாலிய மொழி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக இன்று மாணவர்கள் படிப்பது அந்த ஒரு வரியைத்தான். ஒரு மொழியின் பிறப்புச் சான்றிதழ் வாய்க்கால் வரப்புத் தகராறில் கிடைத்திருக்கிறது.

இந்த அனுபவம் மடத்துக்கு ஒரு பாடம் கற்பித்திருக்க வேண்டும்: உடைமையை எழுதி வை, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வை. 1058 முதல் 1087 வரை மடாதிபதியாக இருந்து, கடைசியில் மூன்றாம் விக்டர் என்ற பெயரில் போப்பாகவும் ஆன தெசிதேரியுஸ், ஆலயத்துக்கு வெண்கலக் கதவு வேண்டுமென்று கான்ஸ்டான்டினோப்பிளில் செய்யச் சொன்னார். அமால்ஃபி நகரத்து வணிகர் மவுரோ செலவை ஏற்றார். 1066-ல் கதவு தயாரானது. இதில் ஒரு கூத்து. கதவுக்கு அளவு அனுப்பியபோது பழைய ஆலயத்தை இடிக்கும் எண்ணமே தெசிதேரியுஸுக்கு இல்லை. பிறகு மனம் மாறிப் பெரிதாக ஒன்றைக் கட்டி, 1071-ல் போப் இரண்டாம் அலெக்சாண்டரை வைத்து அர்ச்சித்தார். கதவோ பழைய அளவு. குட்டையாகிவிட்டது என்று மடத்தின் வரலாற்றேடே ஒப்புக்கொள்கிறது. அளவெடுத்த பிறகு திட்டத்தை மாற்றினால் தச்சர் என்ன செய்வார்?

ஆலயத்தின் முகப்பில் மூன்று வாயில்கள். நடுவாயிலின் முன் நின்று, கதவை விட்டு ஒரு முழம் தள்ளிப் பாருங்கள். சிறு சிறு செவ்வகப் பலகைகளாகப் பிரித்து, வெண்கலத்தில் கோடு கிழித்து அதில் வெள்ளி பதித்த லத்தீன் எழுத்துகள். வேதவசனம் என்றுதான் முதலில் தோன்றும். வாசித்தால் ஊர்ப்பெயர்கள், ஆலயப்பெயர்கள், கோட்டைகள்: மடத்துக்குச் சொந்தமான சொத்துப் பட்டியல். கோயில் அதிட்டானத்தில் நிலதானத்தைக் கல்லில் வெட்டிவைப்பது போல இவர்கள் கதவில் இழைத்திருக்கிறார்கள். 1944 குண்டுவீச்சில் சிதைந்து, செப்பனிட்டு மறுபடி மாட்டிய பலகைகள் இவை. ‘புதுசு’ என்று சொல்லிவிட்டு உள்ளே விரைகிறவர்கள் தோள் உரசிக் கடந்துபோவது தொள்ளாயிரம் ஆண்டுப் பட்டாவை. வெயில் சாய்வாக விழும்போது வெள்ளிக் கோடுகள் துலங்கும்; நிழலடித்துவிட்டால் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் எழுத்து தெரியும், நேராக அடித்தால் பளபளப்பு மட்டுமே மிஞ்சும்.

பிப்ரவரி 15

நேச நாட்டுப் படைகள் 1943 இலையுதிர்காலத்தில் தெற்கிலிருந்து ரோமை நோக்கி நகர்ந்தன. ஜெர்மானியர் குஸ்தாவ் கோடு என்ற தற்காப்பு வரிசையை இந்தக் குன்றை ஒட்டியே அமைத்தார்கள். ஆபத்து வருவதை முதலில் உணர்ந்தவர்கள் ஜெர்மன் படையிலேயே இருந்த இரண்டு அதிகாரிகள்: ஆஸ்திரியரான லெப்டினன்ட் கர்னல் யூலியுஸ் ஷ்லேகல், ராணுவ மருத்துவர் கேப்டன் மாக்ஸிமிலியான் பெக்கர். அக்டோபர், நவம்பர் மாதங்களில் ராணுவ லாரிகளில் நூலகத்தையும் ஆவணக்காப்பகத்தையும் ஏற்றி, ரோமுக்குக் கொண்டு சேர்த்தார்கள். 960-ஆம் ஆண்டுச் சாட்சியம் இன்றும் இருப்பது அதனால்தான். முழுக்கத் தர்மகாரியம் என்றும் சொல்லிவிட முடியாது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் இங்கே பாதுகாப்புக்கு வைத்திருந்த ஓவியப் பெட்டிகளில் சில திசைமாறி ஜெர்மனிக்குப் போய், போர் முடிந்தபின் ஆஸ்திரியாவின் ஆல்ட்டாவுஸே உப்புச் சுரங்கத்திலிருந்து மீட்கப்பட்டன.

இந்த இடத்தில் நம் கதையும் நுழைகிறது. 1944 பிப்ரவரியில் மலையைப் பிடிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது நியூசிலாந்துத் தளபதி ஃப்ரைபெர்க்கின் கீழிருந்த நான்காவது இந்தியப் படைப்பிரிவுக்கு. அதன் தளபதி ஃபிரான்சிஸ் டக்கர், மடத்தின் சுவர் எவ்வளவு தடிமன் என்று ராணுவ உளவுத்துறையிடம் கேட்டார்; பதில் இல்லை. நேப்பிள்ஸ் பழைய புத்தகக் கடைகளில் தேடியபோது 1879-ல் அச்சான ஒரு நூலில் விவரம் இருந்தது: அடியில் பத்தடித் தடிமன். சாதாரண பீரங்கிக்கு அசையாது, கனரகக் குண்டுகள்தான் வேண்டும் என்று எழுதினார். அவர் எழுதியதில் இன்னொன்றும் இருந்தது: குண்டு விழுந்த சூட்டோடு சூடாகக் காலாட்படை ஏற வேண்டும், இல்லையென்றால் இடிபாடு எதிரிக்குத்தான் அரண். அமெரிக்கத் தளபதி கிளார்க்குக்கு குண்டு வீசவே விருப்பமில்லை. முடிவை இத்தாலியில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி அலெக்சாண்டர் எடுத்தார். டக்கரோ நோயில் படுத்துவிட்டார். படைப்பிரிவு வேறொருவர் கையில்.

அடுத்து நடந்தது முழுக்கக் காலக்கணக்குப் பிசகு. விமானப்படைக்குத் தெளிந்த வானம் வேண்டும். 15-ஆம் தேதி காலை வானம் தெளிந்தது, உடனே புறப்பட்டுவிட்டார்கள். 229 விமானங்கள், 1,100 டன்னுக்கு மேல் குண்டு. மடத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்தவர்களை வெளியேறச் சொல்லி முந்தைய நாளே துண்டறிக்கை வீசியிருந்தார்கள். ஆனால் மலைச்சரிவில் மடத்துக்கு மிக அருகே பதுங்கியிருந்த இந்தியப் படைப்பிரிவுக்கு நேரம் தெரிவிக்கப்படவில்லை. குண்டுகளில் சில அவர்கள் மேலேயே விழுந்தன. ஏறித் தாக்க அவர்கள் தயாராகவும் இல்லை. அன்றிரவு போனது ராயல் சசெக்ஸ் பட்டாளத்தின் ஒரே ஒரு கம்பெனி, அதுவும் மடத்துக்கு அல்ல, பக்கத்து 593-ஆம் புள்ளி என்ற முகட்டுக்கு. பாதிப் பேர் வீழ்ந்தார்கள். ராஜபுதன ரைபிள்ஸும் கூர்க்காக்களும் சேர்ந்து ஏறிய பெரிய தாக்குதல் 17-ஆம் தேதி இரவில்தான். இரண்டு நாள் இடைவெளி. குண்டு விழும்வரை மடத்துக்குள் ஜெர்மன் வீரர்கள் இருக்கவில்லை என்று அமெரிக்க ராணுவத்தின் சொந்த வரலாறே 1969-ல் திருத்தி எழுதிக்கொண்டது. இடிந்த பிறகு வந்தார்கள், சிதறிய கற்களுக்குள் இயந்திரத் துப்பாக்கி பதித்தார்கள், மே மாதம் வரை அசையவில்லை. குண்டில் செத்தது அடைக்கலம் புகுந்திருந்த ஊர்மக்கள், இருநூறு பேருக்கு மேல். எழுபத்தெட்டு வயது மடாதிபதி கிரெகோரியோ தியாமரே 17-ஆம் தேதி எஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு சிலுவையோடு மலையிறங்கினார்.

இந்தியப் படைப்பிரிவு கேட்டதால்தான் மடம் இடிந்தது என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டது உண்மை. ஆனால் டக்கர் கேட்டது இரண்டு, கிடைத்தது ஒன்று. பாதித் திட்டத்தை நிறைவேற்றுவது திட்டமே இல்லாததைவிட மோசம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பது என் கட்சி.

இந்தச் சண்டையில் தமிழ்ப் பெயரும் உண்டு. மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் பதினோராவது ஃபீல்ட் பார்க் கம்பெனியில் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர். கசினோவுக்குத் தெற்கே மின்யானோவில் பிப்ரவரி 24 அன்று கண்ணிவெடி அகற்றும் குழுவை நடத்திப் போனபோது, கூட வந்தவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில விநாடிகள்தான் இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து விழுந்தார், மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் விருது அவர் இறந்த பிறகு வந்தது.

எதை நகலெடுத்தார்கள், எதை விட்டார்கள்

‘இருந்த இடத்தில், இருந்தபடியே’ என்பது மறுகட்டுமானத்தின் விதி. மடாதிபதி இல்தெஃபோன்ஸோ ரேயா, பொறியாளர் ஜுசெப்பே பிரெச்சா ஃப்ரத்தாதோக்கி இருவரும் முன்னின்று நடத்தினார்கள். நகல் என்று ஒதுக்குபவர்கள் கவனிக்காதது: எல்லாவற்றையும் நகலெடுக்கவில்லை. கட்டட அளவு, தூண், பளிங்குப் பதிப்பு எல்லாம் பழைய வரைபடத்தின்படி, இடிபாட்டில் பொறுக்கியெடுத்த துண்டுகளையும் சேர்த்து. ஆனால் லூக்கா ஜோர்தானோவின் விதான ஓவியங்கள் அழிந்தன, அவற்றைத் திரும்ப வரைய யாரும் முயலவில்லை. வாசலுக்கு உட்புறம் மேலே இருக்கும் பெரிய ஓவியம் பியெத்ரோ அன்னிகோனி இருபதாம் நூற்றாண்டில் தன் பாணியில் வரைந்தது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் பலிபீடத்தை நோக்கியே நடப்பதால் இதைத் தவறவிடுகிறார்கள். பத்தடி போய்த் திரும்பிப் பாருங்கள்.

பழசைத் தேடுபவர்களுக்கு ஓர் ஒழுங்கு சொல்கிறேன். நுழைவாயிலின் மேல் ‘சமாதானம்’ என்று பொருள்படும் மூன்றெழுத்து லத்தீன் சொல். முதல் முற்றத்தில், துறவிகள் தாங்கிப் பிடிக்க நின்றபடியே உயிர்விடும் பெனடிக்டின் வெண்கலச் சிலை. ஜெர்மன் பிரதமர் அடனாவர் அளித்தது என்பதை அறிந்து பார்த்தால் அதன் கனம் வேறு. அடுத்த முற்றத்தில் அகலப் படிக்கட்டின் அடியில் இரண்டு சிலைகள். பெனடிக்ட் 1736-ல் செதுக்கியது, இடிபாடுகளுக்கு நடுவே நின்றது. எதிரே அவர் சகோதரி ஸ்கொலாஸ்திகா உடைந்துபோய் மறுபடி செய்தது. பலிபீடத்தின் கீழே இருவரின் கல்லறை. பிரான்சில் ஃப்ளூரி மடமும் பெனடிக்டின் எலும்பு தங்களிடம்தான் என்கிறது. அந்தப் பஞ்சாயத்து ஆயிரம் ஆண்டைத் தாண்டியும் ஓயவில்லை. கீழ்த்தளச் சிற்றாலயத்தின் மொசைக் சுவர்கள் 1913-ல் முடிந்தவை. குண்டுக்குப் பெருமளவு தப்பியவை. தங்கமும் நீலமும் எகிப்தியச் சாயலும் கலந்த அந்தப் பாணி சிலருக்குக் கண்ணைக் கூசும், எனக்குப் பிடிக்கும். அருங்காட்சியகத்தில் 1071 ஆலயத்தின் தரைத்துண்டுகளைத் தேடுங்கள்: பின்னாளைய பரோக் பாணித் தரையின் அடியில் புதைந்திருந்ததை வெளியே கொண்டுவந்ததே அழிவுதான்.

போகும் வழி, தவறும் இடங்கள்

ரோமா தெர்மினி நிலையத்திலிருந்து கசினோவுக்கு வட்டார ரயிலில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். நேப்பிள்ஸிலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவே. அதிவேக ரயில்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவற்றின் பாதை வேறு. வட்டார ரயிலுக்கு இருக்கை முன்பதிவு இல்லை. காகிதச் சீட்டு என்றால் ஏறுமுன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும், கைபேசிச் சீட்டு என்றால் செக்-இன் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் இதில்தான். சீட்டு வாங்கியிருந்தும் முத்திரை இல்லையென்றால் பரிசோதகர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நிலையம் ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்தில், மடம் 520 மீட்டரில். இடையே ஒன்பது கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து ஒரு நாளைக்குச் சில முறைதான், ஞாயிறன்று இன்னும் குறைவு. சீட்டை ஓட்டுநரிடம் எதிர்பார்க்காமல் நிலையத்தருகே உள்ள பாரிலோ புகையிலைக் கடையிலோ போக வரச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். மலைமேல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். இறங்கும்போதே கடைசிப் பேருந்து எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்டால் டாக்ஸி தொலைபேசியில் வர வேண்டும், அல்லது நடைபாதை இல்லாத வளைவுகளில் நடக்க வேண்டும். மூன்று, நான்கு பேர் என்றால் ஏறுவதற்கு டாக்ஸி பிடிப்பதே மேல். ஏறும் வழியில் கீழ்ப்பகுதியில் பழைய ரோமானிய ஊரான கசினுமின் அரங்கம், அருங்காட்சியகம் உண்டு. திரும்பும்போது நேரம் இருந்தால் பார்க்கலாம்.

திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். முந்தைய நாள் மடத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஞாயிறு காலை திருப்பலி நேரத்தில் ஆலயத்தைச் சுற்றிப் பார்க்க முடியாது, ஆகவே சனிக்கிழமையோ வாரநாளோ நல்லது. தோளும் முழங்காலும் மூடிய உடை. மேலே கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். குளிர்காலத்தில் மேகம் மலையைப் போர்த்திவிடும். நிலையத்தில் இறங்கி நிமிர்ந்தால் மடம் தெரியவில்லை என்றால், முதலில் ஊருக்குள் உள்ள போர்க்கல்லறையை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் ஏறுங்கள். பெனடிக்ட் வகுத்த ஒழுங்கில் 53-ஆம் அத்தியாயம், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கச் சொல்கிறது. 66-ஆம் அத்தியாயம் வாயிற்காவலுக்கு, கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரிந்த முதியவரை வைக்கச் சொல்கிறது. இன்று துறவிகள் மிகச் சிலர். 2014-ல் மடத்தின் கீழிருந்த பங்கு ஆலயங்களையும் போப் பிரான்சிஸ் பக்கத்து மறைமாவட்டத்துக்கு மாற்றிவிட்டார். ஆகவே கூட்டமாகப் போய் உரக்கப் பேசி அந்த 53-ஐச் சோதிக்க வேண்டாம்.

மடத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியே வந்ததும் பதினைந்து, இருபது நிமிட நடையில் போலந்துக் கல்லறை; மே 18 அன்று இடிபாட்டில் கொடி நட்டவர்கள் போலந்து வீரர்கள், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே கிடக்கிறார்கள், அவர்களின் தளபதி ஆண்டர்ஸும் பின்னாளில் அவர்களோடு புதைக்கப்பட்டார். அதற்குப் பின்னால் உயர்வதுதான் 593-ஆம் புள்ளி. நடப்பவர்களுக்குக் கைரா கிராமத்திலிருந்து மலைக்குப் பின்புறமாக ஏறும் கேவண்டிஷ் சாலைத் தடம் உண்டு: இந்திய சாப்பர்களும் நியூசிலாந்துப் பொறியாளர்களும் கோவேறு கழுதைப் பாதையை டாங்கி ஏறும் வழியாக அகலப்படுத்தியது. மார்ச் 19-ல் டாங்கிகள் ஏறவும் செய்தன. கூடக் காலாட்படை அனுப்பப்படாததால் அதுவும் வீண். திடமான காலணி இல்லாமல் இந்தத் தடத்தில் இறங்காதீர்கள், சுண்ணாம்புக்கல் மழைக்குப்பின் சோப்பாக வழுக்கும்.

ஊருக்குள் காமன்வெல்த் போர்க்கல்லறை நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. நான்காயிரத்துக்கு மேற்பட்ட கற்கள், பின்னணியில் மலையும் மடமும். இந்திய வீரர்களின் கற்கள் தனிப் பகுதியாக இருக்கின்றன. வாயிலருகே சுவர்ப்பெட்டிக்குள் உள்ள பதிவேட்டில் பெயரை வைத்துத் தேடினால் வரிசை எண் கிடைக்கும். தேடும் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு, மூன்று எழுத்துக்கூட்டல்களில் எழுதிக்கொண்டு போங்கள். ராணுவ எழுத்தர்கள் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.